என் வீட்டுக்காரர் பாஸான டெஸ்ட்

அந்த சூப்பர்வைசரின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. இருந்தால் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டரை வருஷம். நான் ஊர் பால்வாடியில் டீச்சர். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். தகட்டை உள்ளே தள்ளி, காலால் மிதித்தால் மேலிருந்து இடி மாதிரி இறங்கும். தகடு வேண்டிய வடிவத்தில் வெளியே வரும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை மிதி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. டெம்பரரி ஆள்தான். ஆனால் அந்த வருஷம் பர்மனென்ட் லெட்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி நாங்கள் கும்பிட்டது இன்னும் வராத அந்த லெட்டரைத்தான்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு வலிப்பு வந்தது.

வலிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆள் தடாலென்று விழ வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும், நாலு பேர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டும். அப்போதுதான் அது வலிப்பு. என் வீட்டுக்காரருக்கு வந்த வலிப்புக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் துடிக்கும். அப்புறம் மணிக்கட்டு, முழங்கை என்று ஏறும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். அதுவரை கண் திறந்திருக்கும், எதிரில் நிற்பவரைப் பார்ப்பார், சொல்வதும் காதில் விழும். பேச்சு மட்டும் வராது. முடிந்ததும் கை அரை மணி நேரம் செத்துக் கிடக்கும்.

கம்பெனியில் ஒரு நாள் தகட்டைத் தள்ளும்போது அது வந்தது. தகடு கோணலாகப் போய் அச்சு உடைந்தது. கை போகவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் அங்கே அழுதது அச்சுக்காகத்தான். யாரோ ஒரு புண்ணியவான் இரும்பு என்று சொல்லி ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்திருக்கிறான். அதைக் கொடுத்த நேரமும் வலிப்பு நிற்கிற நேரமும் ஒன்றாகிவிட்டது. சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாராம்.

“கண்ண தொறந்துகினு என்னையே மொறைக்கிற, கை மட்டும் தனியா ஆடுதா? ஸ்பானர குட்த்தா நின்னுடுது. இன்னா நடிப்புடா டேய். வேல புடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போ.”

மறுநாளிலிருந்து மெஷினில் நிற்க விடவில்லை. துண்டுத் தகடுகளைப் பெருக்கி அள்ளும் வேலை. ‘பெரிய ஆஸ்பத்திரியில் நோய்தான் என்று எழுதி வாங்கி வா, இல்லாவிட்டால் ஏமாற்றியதற்கு வேலையை விட்டு நீக்குவோம்’ என்று கெடு வைத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் அவரைப் பார்த்ததும் கட்டைவிரலை ஆட்டிக் காட்டுவார்களாம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

நான் கம்பெனியைத் திட்டினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இதை எழுதினால் நான் பொய்க்காரி. எனக்கும் சந்தேகம் இருந்தது. பம்புக் குழாயில் தண்ணீர் அடித்துக் கொடுங்கள் என்றால் அவருக்குக் கை துடிக்கும். உங்கள் அக்கா என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டால் கை துடிக்கும். இரண்டு நிமிஷம் பேச முடியாத நோய், அதுவும் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் வருகிற நோய் என்றால் எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்? வாயால் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடத்தை நானே எடுத்துப் போவேன்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார். அங்கே அவரை ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்துத் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய கறுப்புத் தாளில் அவருடைய மூளை வரிசை வரிசையாக, வெங்காயத்தை வட்டமாக அரிந்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு வட்டத்தில், இடது பக்கம், மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு.

“ஒரு புள்ளி இருக்கு. இதனாலதான் வருதுன்னு இத மட்டும் வெச்சு சொல்ல முடியாது. ஈ.ஈ.ஜி. எடுங்க” என்று ஒரு சின்ன டாக்டர் சொன்னார். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையில் ஓடும் கரண்டைக் கோடு கோடாகத் தாளில் எடுப்பது அது. மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள்.

இங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன்.

பால்வாடியில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோம் என்று அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னாலிருந்தே பிள்ளைகளுக்குக் கஞ்சியைக் கூடக் கொஞ்சம் ஊற்றுவோம். தலைக்கு எண்ணெய் வைத்து வாருவோம். மூக்கு ஒழுகுகிற பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்று நாலைந்து இருக்கும். அதுகளின் அம்மாக்களிடம் ‘நாளைக்கு மட்டும் அனுப்பாதே’ என்று சொல்லிவிடுவோம். ஆபீசர் வந்து பார்க்கும்போது எல்லாப் பிள்ளையும் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். ரிப்போர்ட் நல்லபடியாக வரும். டெஸ்ட் என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நல்லபடியாக முடித்துக் கொடுக்க வேண்டும். நல்ல ரிசல்ட்டைக் காட்டினால் மெஷினில் மறுபடி நிற்க விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன், கம்பெனி கேட்டது நோய் என்ற தாளை என்பதே என் மண்டையில் ஏறவில்லை.

அதே மாதிரி என் வீட்டுக்காரரின் மூளையையும் தயார் செய்தேன். நாலு நாள் முன்னாலிருந்து மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். எட்டு மணிக்கே படுக்கப் போட்டேன். முட்டை, கீரை, ஆட்டுக்கால் சூப். முதல் நாள் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். டெஸ்ட் அன்று காலையிலும் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து வழித்து வாரிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் ரிசல்ட் நல்லா வரணும் சாமி என்று வேண்டிக்கொண்டும் வந்தேன். அவர் ஆடி ஆடித் தூக்கக் கலக்கத்தில் நடந்து வந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

கம்பி ஒட்டுகிற டெக்னீஷியன் அவர் தலையைத் தொட்டதும் கையை உதறினார்.

“இன்னாமா இது, மண்டையில வடை சுடலாம் போலகீது. பசை எப்டி ஒட்டும்? இட்டுனு போய் சோப்பு போட்டு கழுவிட்டு வா.”

ஆஸ்பத்திரிக் குழாயடியில் நாலு பேர் பார்க்க அவர் தலையைத் துணி சோப்பால் கழுவினேன். அவர் என்னைத் திட்டினார், நான் டெக்னீஷியனைத் திட்டினேன். அப்புறம் டெஸ்ட் நடந்தது. ஒரு வாரம் கழித்துத் தாள் வந்தது. நார்மல்.

நார்மல்! எனக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதும். பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, தாளை மடிக்காமல் கையில் பிடித்தபடி கம்பெனிக்குப் போனார்.

மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். சூப்பர்வைசர் தாளை லைனில் நின்றவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். “டாக்டரே எய்திகுட்த்துட்டாரு, இவனுக்கு ஒண்ணும் இல்லியாம். அப்ப அன்னிக்கு ஆட்னது இன்னா டான்ஸா?” இந்த மாதக் கடைசியோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். பர்மனென்ட் லெட்டர் வராதது மட்டுமில்லை, ‘ஏமாற்றினான்’ என்று எழுதி அனுப்பினால் அந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கிட்டே போகவில்லை.

மறுநாள் சண்டை போடுவதற்கென்றே பட்டணம் போனேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டு, ஒரு லேடி டாக்டரின் அறைக்குள் நுழைந்தேன். என் வயதுதான் இருக்கும், நாலைந்து வருஷம் கூட இருக்கலாம். மேஜை முழுக்கக் கறுப்பு ஸ்கேன் தாள்களும், புத்தகம் புத்தகமாக மடித்த கோட்டுத் தாள்களும். வலிப்பு நோயாளிகளின் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, அவருக்கும் என்னைப் போலவே மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதுதான்.

“ஒண்ணும் இல்லன்னு எழுதி எங்க பொழப்ப கெடுத்துட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்றேன்.

அவர் நிமிரவில்லை. தாளைத் தேடி எடுத்துப் புரட்டினார். “மாத்திரை எப்படிக் குடுத்தீங்க?”

“காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“டெஸ்ட்டுக்கு முன்னாடி?”

நான் முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

“ரெண்டு ரெண்டா குடுத்தேன். டெஸ்ட்டு நல்லா வரணும்னு.”

“நல்லா வரணும்னா? இது என்ன எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையா?” அவர் பேனாவை வீசினார். அது என் காலடியில் வந்து விழுந்தது. “நான் மீன் பிடிக்க வலை போட்டு உக்காந்திருக்கேன். நீங்க முன்னாடியே குளத்துல இறங்கி எல்லாத்தையும் துரத்தி விட்டுட்டு வந்து மீன் எங்கன்னு கேக்குறீங்க. மாத்திரை குறையாம இருந்தாலே சில பேருக்கு நார்மல்னுதான் வரும். நீங்க அத டபுளாக்கி, நல்லா தூங்க வெச்சு வேற கூட்டிட்டு வந்திருக்கீங்க. படிச்சவங்கதானே நீங்க?”

நான் குனிந்து பேனாவை எடுத்து மேஜையில் வைத்தேன். என்னை அப்படி யாரும் திட்டியதில்லை. திட்டில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதுதான் ஆத்திரம்.

அப்புறம் அவர் அந்த மிளகுப் பொட்டைக் காட்டினார். அது புழு முட்டை தங்கிய இடமாக இருக்கலாம், காசநோயின் சின்னக் கட்டியாக இருக்கலாம், பழைய தழும்பாகவும் இருக்கலாம் என்றார். “படம் மட்டும் இருந்தா, இது சும்மா கெடக்குற தழும்புன்னு சொல்லுவாங்க. கோடு மட்டும் இருந்தா, எதனாலன்னு கேப்பாங்க. ரெண்டும் ஒரே இடத்தக் காட்டுச்சுன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது. எனக்கும் இந்தக் கேஸ் வேணும், உங்களுக்கும் வேணும். இந்தத் தடவ நான் சொல்றத மட்டும் செய்யுங்க.”

மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று அவரே எழுதிக் கொடுத்தார். எண்ணெய் கூடாது. முதல் நாள் இராத்திரி கண் மூட விடக் கூடாது. ஒருவனை விடிய விடியத் தூங்க விடாமல் வைத்திருப்பது எப்படி என்று நான் கவலைப்படவே இல்லை. எங்களிடம் சண்டை கையிருப்பு நிறைய இருந்தது. கல்யாணத்தில் எங்கள் பக்கத்துக்குச் சரியாக இலை போடாததிலிருந்து ஆரம்பித்தேன். விடியும்போது போன பொங்கல் வரைக்கும்தான் வந்திருந்தோம்.

டெஸ்ட் அறையில் ஒரு ஓரமாக என்னையும் நிற்க விட்டார்கள். அதே டெக்னீஷியன். தலையைத் தடவிப் பார்த்து, “இப்ப மன்ச மண்டையா கீது” என்றார். சின்னச் சின்ன வெள்ளித் தட்டுகளைப் பசை வைத்து ஒட்டினார். மெஷினில் வரிசையாக மெல்லிய பேனாக்கள். அடியில் தாள் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பேனாவுக்கும் தலையில் ஒரு இடம் என்று சொன்னார்கள். கரகரவென்று எல்லாப் பேனாவும் ஒன்றாக எழுதின. மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். ஒன்றுமில்லை. கண்ணுக்கு நேரே விளக்கை மின்ன வைத்தார்கள். ஒன்றுமில்லை. தூங்கச் சொன்னார்கள், சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விட்டார்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வரட்டும் என்று. கட்டிய புருஷனுக்கு வலிப்பு வரட்டும், இப்பவே வரட்டும், வராமல் போனால் இந்த ஆளை நான் சும்மா விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் நாலைந்து பேனாக்கள் மட்டும் அவ்வப்போது துள்ளின. டெக்னீஷியன் பென்சிலால் குறித்துக்கொண்டார். அப்புறம் என் வீட்டுக்காரரை எழுப்பினார்கள். கண் திறந்து மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதே பேனாக்கள் மறுபடி துள்ளின, ஆனால் நிற்கவில்லை. ரம்பப் பல் மாதிரி கூராக, அடுத்தடுத்து, நெருக்கமாக.

“வருது” என்றார் டெக்னீஷியன்.

நான் கையைப் பார்த்தேன். கை விரிப்பின் மேல் சும்மா கிடந்தது. கட்டைவிரல் அசையவில்லை. அவருக்கே இன்னும் தெரியாது. தாளில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கலாம். அதற்கப்புறம்தான் கட்டைவிரல் துடித்தது.

“வந்துட்ச்சி!” என்று கத்திவிட்டேன். மகிழ்ச்சியில் கத்தினேன், வேறு எதிலும் இல்லை. அவர் வாய் கோணியபடி, கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். காதில் எல்லாம் விழும் நோய் அது.

எந்த மனுஷனாலும் தன் மூளைக்குள் போய் மூன்று எண்ணிக்கை முன்னாலேயே நடிக்க முடியாது. அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கப் போனேன், டெக்னீஷியன் அதட்டினார். கம்பி கழன்றுவிடுமாம்.

அன்றைக்கே லேடி டாக்டர் ஒரு மெல்லிய தாளில் தலையின் படம் வரைந்து, அதிகம் துள்ளிய பேனாக்கள் எந்த இடத்துக்கு உரியவை என்று சிவப்பில் சுழித்தார். பிறகு ஸ்கேன் தாளை வெளிச்சப் பெட்டியில் வைத்து, ஸ்கேலால் அளந்து அளந்து, பொட்டின் இடத்தை அதே படத்தில் நீலத்தில் குறித்தார். நீலம் சிவப்புக்குள் போய் உட்கார்ந்தது. இடது பக்கம், வலது கையை ஆட்டிவைக்கிற இடம். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். எங்களுக்காகச் சிரித்தாரா, அவருடைய ஆராய்ச்சிக்காகச் சிரித்தாரா என்று கேட்கவில்லை. எதற்காக இருந்தாலும் கும்பிட்டேன்.

உண்மையான வலிப்பு, மாத்திரையில் அடங்கும், அதுவரை பிரஸ் மெஷின் வேண்டாம், வேறு வேலை கொடுக்கவும் என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதை நானே எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரின் மேஜையில், அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் தாளைப் போட்டேன்.

“படி. அன்னிக்கு லைன்ல உரக்கப் படிச்ச இல்ல? இதயும் அதே மாதிரி படி.”

அவர் படித்தார். மனதுக்குள்தான் படித்தார். இரண்டு தடவை படித்தார். நான் அவர் முகம் சுருங்குவதற்காகக் காத்திருந்தேன். சுருங்கவில்லை. தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“இத்தினி நாளு நடிக்கிறான்னு நெனச்சிகினுதான்மா உள்ள வெச்சிருந்தோம். நெஜமாவே நோவுன்னா எப்டிமா வெச்சிக்க முடியும்? நாளைக்கே கைய மெஷின்ல வுட்டான்னா யாரு பதில் சொல்றது?”

“அதான் வேற வேல குடுன்னு எய்திகீதே!”

“வேற வேலைக்கு நல்லா இருக்கற ஆளே வெளிய க்யூல நிக்கிறான். இன்னொண்ணும் சொல்றன், கேட்டுக்க. ஏமாத்தினான்னு எய்தி அனுப்பறதா இருந்துது. இப்ப அத எய்த மாட்டோம். நோவுன்னு எய்தறோம். போதுமா?”

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வாட்ச்மேன் வந்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

என் வீட்டுக்காரர் புளியமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே வேலை போனது தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவர் கேட்கவில்லை.

“நான் நடிக்கலன்னு ஒத்துக்கினாரா?”

“ஒத்துக்கினாரு.”

“படிச்சிட்டா?”

“ரெண்டு வாட்டி படிச்சிட்டு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், கோபமே இல்லாமல், மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

“நீ எப்ப ஒத்துக்கின?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராததா? அன்றைக்கு வரவில்லை.

“பேனா ஓடனப்ப” என்றேன்.

“ரெண்டரை வருசம் ஒரே பாயில பட்த்துகினவ. நான் சொல்லி நம்பல, பேப்பர் சொன்னாத்தான் நம்புவ, இல்ல?”

பஸ் வந்தது. அவர் பின்பக்கம் ஏறினார், நான் முன்பக்கம் ஏறினேன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எந்தக் கையால் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பிள்ளைப்பாக்கம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.